இரண்டு கரையும் ஒரே வீட்டில்

துருக்கியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும் எவரும் முதல் வாக்கியத்திலேயே ஒரு பாலத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஐரோப்பாவையும் ஆசியாவையும் இணைக்கும் பாலம், கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பாலம், இஸ்லாத்தையும் நவீன உலகையும் இணைக்கும் பாலம். சுற்றுலாக் கையேட்டிலிருந்து வெளியுறவு அமைச்சர்களின் விருந்துப் பேச்சு வரை இதே பல்லவிதான்.

நிஜப் பாலமும் இருக்கிறது. இஸ்தான்புல் நகரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஓடும் பொஸ்போரஸ் ஜலசந்தியின் மேல் முதல் பாலம் 1973 அக்டோபர் 30-ம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு முந்தின நாள் துருக்கிக் குடியரசுக்கு 50 வயது நிறைந்திருந்தது. 1988-ல் இரண்டாவது பாலம், 2016-ல் மூன்றாவது. கடலுக்கு அடியில் ரயில் போக 2013-ல் ஒரு சுரங்கம், கார் போக 2016-ல் இன்னொன்று. எல்லாம் பிரமாதமான பொறியியல்தான். ஆனால் முதல் பாலத்தில் ஒரு விசேஷம் உண்டு. அதன் மேல் யாரும் நடந்து போகக் கூடாது. வருடத்தில் ஒரு நாள், மாரத்தான் ஓட்டத்தின்போது மட்டும், ஆசியக் கரையில் புறப்பட்டு ஐரோப்பாவுக்குக் கால்நடையாக வரலாம். மற்ற 364 நாட்களும் அது வாகனங்களுக்கு மட்டுமே.

பாலம் என்ற அந்த உவமையிலும் இதே சங்கடம் இருப்பதாக எனக்குப் படுகிறது. கடந்து போகிறவர்களுக்கு அது சௌகரியமான சொல். அங்கேயே வாழ்கிறவர்களுக்கு அதில் நிற்க இடமில்லை.

வரைபடத்தைப் பார்த்தால் விஷயம் சாதாரணமானது. 7.8 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு, அதாவது ஆறு தமிழ்நாடு. அதில் ஐரோப்பாவில் இருப்பது நூற்றுக்கு மூன்று பங்குதான். மீதி 97 பங்கும் ஆசியா. ஜனத்தொகை சுமார் 8.5 கோடி. அதில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டவர்கள் இஸ்தான்புல்லில் இருக்கிறார்கள். நகரத்தின் பழைய பெருமைகள், பெரிய மசூதிகள், அரண்மனைகள், வங்கிகள், அலுவலகங்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் கரையில். லட்சக்கணக்கானவர்கள் குடியிருப்பது ஆசியக் கரையில். காலையில் ஐரோப்பாவுக்கு வேலைக்குப் போய், மாலையில் ஆசியாவுக்குத் தூங்க வருகிறார்கள். நம் ஊரில் தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குப் போய் வருவது மாதிரி.

2019 ஏப்ரலில் இரண்டு வாரம் நான் அப்படிப் போய் வந்தேன். தங்கியது ஆசியக் கரையில் காடிக்கோய் என்ற பகுதியில். 'கோய்' என்றால் கிராமம். 'காடி' வேறு யாருமில்லை, நமக்குத் தெரிந்த காஜிதான். காஜிகுப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து படகில் இருபது நிமிடத்தில் ஐரோப்பா. படகில் ஏறியதும் எல்லோரும் செய்யும் முதல் காரியம் தேநீர் வாங்குவது. இடுப்பு சிறுத்த சின்னக் கண்ணாடித் தம்ளரில், பாலில்லாமல், மாணிக்க நிறத்தில் வரும். இரண்டாவது காரியம், எள் தூவிய 'சிமித்' ரொட்டி வளையத்தைப் பிய்த்துப் பின்னால் பறந்து வரும் கடற்பறவைகளுக்கு எறிவது. கண்டம் விட்டுக் கண்டம் தாண்டுகிறோம் என்ற பரவசம் என் ஒருவன் முகத்தில்தான் இருந்திருக்கும். மற்றவர்கள் செய்தித்தாளிலும் செல்போனிலும் மூழ்கியிருந்தார்கள்.

ஐரோப்பாவின் வாசல் என்று சொல்லப்படும் ஊரில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த ஊரின் அந்நியம் அல்ல, பரிச்சயம்தான். கடைக்காரர் என்னை 'ஆபி' என்று கூப்பிட்டார். அண்ணா என்று அர்த்தம். முன்பின் தெரியாத பெண்ணை 'அப்லா', அக்கா, என்கிறார்கள். வயதான பெண்மணி 'தெய்ஸே', அம்மாவின் சகோதரி. அப்பாவின் சகோதரிக்கு வேறு சொல், 'ஹாலா'. சித்தப்பா 'அம்ஜா', தாய்மாமன் 'தாயி'. ஆங்கிலத்தில் ஆன்ட்டி, அங்கிள் என்று ஒரே கூடையில் கொட்டிவிடுகிற உறவுகளுக்கு இவர்களிடம் நம்மைப் போலத் தனித்தனிப் பெயர். வாசலில் செருப்பைக் கழற்றாமல் வீட்டுக்குள் போக முடியாது. கடைக்குக் கடை, காருக்குக் கார், குழந்தையின் சட்டைக்குச் சட்டை நீலக் கண்ணாடியில் ஒரு கண் தொங்குகிறது. கண் திருஷ்டிக்காக. விருந்தாளி வந்தால் கையில் எலுமிச்சை வாசனைத் தைலம் தெளிக்கிறார்கள். கல்யாண வாசலில் பன்னீர் தெளித்துப் பழகிய நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மொழி இன்னும் நெருக்கம். துருக்கி மொழிக்கும் தமிழுக்கும் ரத்த உறவு எதுவும் நிரூபணமாகவில்லை. ஆனால் நடை ஒன்று. வினைச்சொல் நம்மைப் போலக் கடைசியில்தான் வருகிறது. சொல்லுக்குப் பின்னால் விகுதிகளை ரயில் பெட்டி போலக் கோத்துக்கொண்டே போகலாம். 'எவ்' என்றால் வீடு. 'எவ்லெர்' வீடுகள். 'எவ்லெரிமிஸ்' நம் வீடுகள். 'எவ்லெரிமிஸ்தெ' நம் வீடுகளில். இதையெல்லாம்விட ஓர் அதிசயம் உண்டு. கண்ணால் பார்த்ததற்கு ஒரு விகுதி, காதால் கேட்டதற்கு வேறு விகுதி. 'கெல்தி' என்றால் வந்தார். 'கெல்மிஷ்' என்றால் வந்தாராம். இந்த 'ஆம்' என்ற ஓரசைச் சந்தேகத்தை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு முழு வாக்கியம் வேண்டும்.

சாப்பாட்டு மேஜையில் கேட்கவே வேண்டாம். அல்வா அவர்களுக்கு 'ஹெல்வா', புலாவ் 'பிலாவ்', சர்பத் 'ஷெர்பெத்'. நம் பரோட்டாவுக்குத் துணையான குருமாவே 'கவுர்மா' என்ற துருக்கிச் சொல்லிலிருந்து வந்ததுதான். மைதானம் 'மெய்தான்'. நாடாளுமன்ற உறுப்பினருக்கு 'மில்லத்வெகிலி' என்று பெயர், மக்களின் வக்கீல். துப்பாக்கி என்ற சொல்லும் துருக்கியிலிருந்து கிளம்பித் தமிழுக்கு வந்து சேர்ந்ததுதான் என்கிறார்கள் அகராதிக்காரர்கள்.

ஆக, இரண்டு கலாசாரங்கள் சந்திப்பது அங்கே ஒரு பிரச்சினையே அல்ல. அது சமையலறையிலும் திண்ணையிலும் தினமும் சத்தமில்லாமல் நடக்கிறது. எந்தக் கரையைச் சேர்ந்தவர்கள் என்று முடிவு செய்து, அதைச் சட்டமாக்கி, எல்லோரையும் ஒரே பக்கம் நடக்கச் சொன்னபோதெல்லாம்தான் பிரச்சினை வந்தது. கடந்த நூறு வருடங்களில் அது ஒரு முறை மேற்கு நோக்கி நடந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எதிர்த்திசையிலும் நடந்தது.

மேற்கு நோக்கி நடத்தியவரைத் தமிழர்களுக்கு நன்றாகவே தெரியும். முஸ்தபா கமால், நமக்குக் கமால் பாட்சா. 1934-ல்தான் அட்டாடுர்க், துருக்கியரின் தந்தை, என்ற குடும்பப் பெயர் அவருக்கு வந்தது. வெ. சாமிநாத சர்மா அவர் வாழ்க்கையைத் தமிழில் எழுதினார். சுயமரியாதை இயக்க மேடைகளில் அவர் பெயர் அடிபட்டது. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு கமால் பாட்சா என்று பெயர் வைத்தார்கள். முதல் உலகப் போரில் தோற்று, வெற்றி பெற்றவர்களால் கூறு போடப்பட்ட ஒரு நாட்டை மீட்டவர் அவர். 1922-ல் சுல்தான் பதவி ஒழிந்தது. 1923 அக்டோபர் 29-ல் குடியரசு. தலைநகர் இஸ்தான்புல்லை விட்டு அங்காராவுக்குப் போனது. 1925-ல் குஞ்சம் வைத்த சிவப்புக் குல்லாய்க்குத் தடை, ஐரோப்பியத் தொப்பிக்கு உத்தரவு. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குல்லாயே அதற்கு நூறு வருடம் முன்பு தலைப்பாகையை ஒழிக்க ஒரு சுல்தான் உத்தரவு போட்டுக் கொண்டுவந்த 'நவீன' உடைதான்.

1926-ல் ஸ்விட்சர்லாந்தின் சிவில் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். பலதார மணம் போயிற்று, விவாகரத்தில் பெண்ணுக்கும் உரிமை வந்தது. 1934-ல் பெண்களுக்கு நாடாளுமன்ற ஓட்டுரிமை. பிரெஞ்சுப் பெண்களுக்கு அது கிடைத்தது 1944-ல். சட்டத்தைக் கடன் கொடுத்த ஸ்விட்சர்லாந்தில் பெண்கள் தேசியத் தேர்தலில் ஓட்டுப் போட 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதையெல்லாம் சாதாரணமாக எடைபோட்டுவிட முடியாது. படகில் என் பக்கத்தில் உட்கார்ந்து வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்த இளம் பெண் வக்கீலுக்குப் பின்னால் அந்தச் சட்டங்கள் இருக்கின்றன.

என் சொந்தக் கதையிலும் கமால் பாட்சாவின் ஒரு கையெழுத்து இருக்கிறது. நான் ஹைதராபாத் தமிழன். பிறந்தது நீலோஃபர் ஆஸ்பத்திரியில். அந்தப் பெயர் ஒரு துருக்கி இளவரசியுடையது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. முஸ்லிம் உலகின் தலைமைப் பதவியான கிலாபத்தைக் காப்பாற்ற இந்தியாவில் காந்திஜியும் அலி சகோதரர்களும் பெரும் இயக்கம் நடத்தினார்கள். 1924 மார்ச் 3-ம் தேதி அந்தப் பதவியையே துருக்கி நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. யாருக்காகக் கல்யாணப் பந்தல் போட்டோமோ அந்த மாப்பிள்ளை வீட்டாரே சம்பந்தம் வேண்டாம் என்று சொன்ன மாதிரி. கடைசி கலீபா அப்துல் மஜீத் குடும்பத்தோடு ரயிலேற்றப்பட்டார். பிரான்சில் தஞ்சம். ஹைதராபாத் நிஜாம் உதவித்தொகை அனுப்பினார். 1931-ல் கலீபாவின் மகள் துர்ருஷெவாரும் உறவுக்காரப் பெண் நீலோஃபரும் நிஜாமின் இரண்டு மகன்களை மணந்துகொண்டு தக்காணம் வந்து சேர்ந்தார்கள். பொஸ்போரஸ் கரையை விட்டு விரட்டப்பட்ட வம்சத்துப் பெண்ணின் பெயரில் உள்ள ஆஸ்பத்திரியில்தான் இன்றும் எங்கள் ஊர் ஏழைக் குழந்தைகள் பிறக்கின்றன.

ஹைதராபாத்தில் படித்ததால் உருது எழுத்து எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கும் அளவுக்கு வரும். அது காடிக்கோய் வீட்டில் எதிர்பாராமல் உதவியது.

வீட்டுக்கார அம்மாளுக்கு எழுபது வயது. ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியை. தெருவே அவரை தெய்ஸே என்று அழைத்ததால் நானும் அப்படியே அழைத்தேன். கூடத்தில் அட்டாடுர்க் படம், அதற்கு எதிர்ச் சுவரில் குர்ஆன் வாசகம். இரண்டுக்கும் அவர் தினமும் தூசி தட்டினார். எனக்கு உருது எழுத்து தெரியும் என்று பேச்சுவாக்கில் சொன்ன மறுநாள் மாலை, ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே தாத்தாவின் காகிதங்கள். கடிதங்கள், ரசீதுகள், ஒரு புகைப்படம். எல்லாம் பழைய அரபு எழுத்தில். அவருடைய அப்பாவுக்கே அவற்றைப் படிக்கத் தெரியாதாம்.

இந்த இடத்தில் 1928-ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 1-ம் தேதி எழுத்துச் சட்டம் நிறைவேறியது. அரபு எழுத்துக்குப் பதில் 29 லத்தீன் எழுத்துகள். அடுத்த ஜனவரி முதல் பழைய எழுத்தில் புத்தகம் அச்சிடக் கூடாது. இரண்டே மாதம். துருக்கி மொழியில் எட்டு உயிரெழுத்துகள் உண்டு. அரபு எழுத்தில் அவற்றைப் பிரித்துக் காட்ட வழியில்லை, ஆகவே சீர்திருத்தத்துக்கு நியாயம் இருந்தது. 1927-ல் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது என்பது இன்னும் பெரிய நியாயம். அதோடு நிற்கவில்லை. 1932-ல் மொழிக் கழகம் அமைத்து அரபு, பாரசீகச் சொற்களைக் களைந்து புதுச் சொற்களை நட்டார்கள். பள்ளிக்கூடம் 'மெக்தெப்' போய் 'ஒகுல்' ஆயிற்று. விளைவு, 1927-ல் அட்டாடுர்க் ஆறு நாட்களில் 36 மணி நேரம் ஆற்றிய புகழ்பெற்ற உரை அவர் பேரப்பிள்ளைகளின் தலைமுறைக்கே புரியாமல் போயிற்று. அதை இன்றைய துருக்கிக்குத் திரும்பத் திரும்ப 'மொழிபெயர்த்து' வெளியிட வேண்டியதாயிற்று. தேசத் தந்தையின் பேச்சுக்கு அவர் தேசத்திலேயே மொழிபெயர்ப்பாளர்!

"எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் இரண்டு விதமாக வேலை செய்தது. பாட்டிக்கு எழுத்தே தெரியாது. புது எழுத்து வந்ததும் அரசாங்க வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டாள். கடைசி வரை செய்தித்தாள் படித்தாள். தாத்தா படித்த மனிதர். ஒரே குளிர்காலத்தில் தற்குறியாகிவிட்டார். கடைசி வரை பேரப்பிள்ளைகளை விட்டுத்தான் கடைப் பலகையைப் படிக்கச் சொல்வார்" என்றார் தெய்ஸே. யார் மேலும் கோபமில்லாத குரல்.

கடிதங்களின் கிறுக்கெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. புகைப்படத்தின் முதுகில் இருந்த வரிகள் மட்டும் நிதானமாக எழுதப்பட்டிருந்தன. எனக்கு எழுத்து தெரியும், மொழி தெரியாது. அவருக்கு மொழி தெரியும், எழுத்து தெரியாது. நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பே, ரே, அலிஃப், தால், ரே, மீம். "பிராதரம்?" என்று இழுத்தேன். "பிராதெரிம்! என் சகோதரனே!" என்றார். அடுத்தது காத்ரா மாதிரி இருந்தது. "ஹாதிரா. நினைவாக." மூன்றாவது சொல் சீன், லாம், அலிஃப், நூன், யே, காஃப். நான் கூட்டி முடிப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். "செலானிக்."

செலானிக் என்பது சலோனிகா. இன்று கிரேக்க நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான தெசலோனிகி. அட்டாடுர்க் பிறந்ததே அங்கேதான், 1881-ல். படத்தில் இரண்டு இளைஞர்கள், ஒருவர் உட்கார்ந்து, ஒருவர் நின்று. உட்கார்ந்திருப்பவர் தாத்தா. நிற்பவர் யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. தாத்தா தனக்கு ஒரு சகோதரன் இருந்ததாக ஒருபோதும் சொன்னதில்லை. தெய்ஸே ஒரு பென்சிலை எடுத்து, பழைய எழுத்துக்குக் கீழே அந்த மூன்று சொற்களையும் புது எழுத்தில் எழுதினார். மற்ற சொற்களை எங்கள் இருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

சலோனிகாவில் இருந்த குடும்பம் இஸ்தான்புல்லுக்கு எப்படி வந்தது? இடமாற்றத்தில். 1923 ஜனவரி 30-ம் தேதி லோசான் நகரில் கிரேக்கமும் துருக்கியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. துருக்கியில் உள்ள கிரேக்க ஆர்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்குப் போக வேண்டும், கிரேக்கத்தில் உள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கு வர வேண்டும். இஸ்தான்புல் கிறிஸ்தவர்கள் போலச் சிலருக்கு மட்டும் விலக்கு. போர் முடிவில் ஏற்கெனவே ஓடிப் போனவர்களையும் சேர்த்தால் சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் அங்கே போனார்கள், நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான முஸ்லிம்கள் இங்கே வந்தார்கள். யார் எந்த மொழி பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மதம் ஒன்றே கணக்கு. அனடோலியாவின் உள்ளே, துருக்கி மொழி தவிர வேறு மொழி அறியாத, அதைக் கிரேக்க எழுத்தில் எழுதிவந்த கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அவர்களைக் 'கிரேக்கர்கள்' என்று கப்பலேற்றினார்கள். கிரீட் தீவில் கிரேக்கம் மட்டுமே பேசிய முஸ்லிம்களைத் 'துருக்கியர்கள்' என்று இங்கே இறக்கினார்கள். ஃபெத்தியே அருகே கயாகோய் என்ற ஊரில் அப்போது காலியான நூற்றுக்கணக்கான கல் வீடுகள் கூரையில்லாமல் இன்றும் மலைச்சரிவில் நிற்கின்றன.

இஸ்தான்புல்லின் பெரிய சதுக்கத்துக்குப் பெயர் தக்சிம். தண்ணீரைப் பல திசைகளுக்குப் பிரித்து அனுப்பிய இடம் என்பதால் வந்த பெயர். உருதுவிலும் அதே சொல் உண்டு, தக்ஸீம். 1947-ல் நமக்கு நடந்ததற்கு உருதுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அது. அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தண்ணீர் நினைவுக்கு வரவில்லை.

பாலத்தைப் புகழ்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1915-ல் ஒட்டோமான் அரசு ஆர்மீனியர்களை ஊரை விட்டு விரட்டியபோது லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். உலகின் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் அதை இனப்படுகொலை என்கிறார்கள். துருக்கி அந்தச் சொல்லை ஏற்பதில்லை. ஆர்மீனியர்களுக்காகவும் துருக்கியர்களுக்காகவும் சேர்த்துப் பேசிய பத்திரிகையாசிரியர் ஹ்ராந்த் திங்க் 2007 ஜனவரியில் தன் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இடமாற்றத்தில் விலக்குப் பெற்றுத் தங்கிய இஸ்தான்புல் கிரேக்கர்களின் கடைகளும் வீடுகளும் 1955 செப்டம்பரில் ஒரே இரவில் சூறையாடப்பட்டன. இன்று அவர்கள் சில ஆயிரம் பேர்தான். மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் குர்துகளின் மொழி 1991 வரை சட்டப்படி தடையில் இருந்தது. நவீனக் குடியரசுக்கு ஒரே மொழி, ஒரே எழுத்து, ஒரே முகம் தேவைப்பட்டது. பொருந்தாதவர்களுக்கு இடம் இல்லாமல் போயிற்று.

மறு திசையில் நடந்த கதை இது. 1932 முதல் மசூதிகளில் பாங்கு அரபியில் சொல்லாமல் துருக்கியில்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது. 1950-ல் தேர்தலில் வென்று வந்த மெந்தெரெஸ் அரசு அந்தத் தடையை நீக்கியது. 1960-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அடுத்த வருடம் மெந்தெரெஸைத் தூக்கிலிட்டது. மதச்சார்பின்மையின் பெயரில் தலையில் முக்காடு போட்ட பெண்களுக்குப் பல்கலைக்கழக வாசல் வெகுகாலம் மூடியிருந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த அதே குடியரசு, முக்காடு போட்ட பெண்ணைப் படிக்க விடவில்லை. அந்தக் கோபத்தின் மேல் ஏறி வந்தவர் எர்டோகன். 2003-ல் பிரதமர், 2014-ல் ஜனாதிபதி. 2013-ல் அரசு அலுவலகங்களிலும் முக்காட்டுக்குத் தடை நீங்கியது. அது நியாயம்தான். ஆனால் தராசு அதோடு நிற்கவில்லை. 2016 ஜூலையில் தோல்வியுற்ற ராணுவப் புரட்சிக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் இஸ்தான்புல்லின் எதிர்க்கட்சி மேயர் இமாமோக்லு கைதானார். ஒரு காலத்தில் தொப்பி போடாதவன் சந்தேகத்துக்கு ஆளானான், இன்னொரு காலத்தில் கேள்வி கேட்பவன்.

ஹாகியா சோபியாவைப் பார்த்தால் இரண்டு திசையும் ஒரே கூரையின் கீழ் தெரியும். 537-ல் ஜஸ்டினியன் சக்கரவர்த்தி கட்டி முடித்த தேவாலயம். 1453-ல் சுல்தான் மெஹ்மெத் நகரைப் பிடித்ததும் மசூதி. அட்டாடுர்க் காலத்தில், 1934-ல் முடிவெடுத்து, 1935-ல் மியூசியம். நான் போனபோது மியூசியமாக இருந்தது. அரைக் கோள விதானத்தில் பொன் பதித்த மொசைக்கில் குழந்தையோடு மேரி மாதா. நேர் கீழே மக்காவின் திசையைக் காட்டும் மாடம். தேவாலயம் கட்டியவர்கள் மக்காவை நினைத்துக் கட்டவில்லை, ஆகவே அந்த மாடம் நடுவிலிருந்து சற்று விலகி, லேசாகத் தோளைத் திருப்பியது போல நிற்கிறது. கட்டடத்தை இடித்து நேராக்க வேண்டும் என்று சுல்தானுக்குத் தோன்றவில்லை. தான் கொஞ்சம் திரும்பி நின்றால் போதும் என்று தோன்றியிருக்கிறது. 2020 ஜூலையில் நீதிமன்றம் மியூசிய உத்தரவை ரத்து செய்தது. அந்த மாதம் 24-ம் தேதி மறுபடி தொழுகை. இப்போது தொழுகை நேரத்தில் மேரி மாதாவுக்கு முன்னால் திரை விழுகிறது.

உள்ளே இப்படி என்றால், வெளியே இருப்பவர்கள் இந்தப் பாலத்தை எப்படி நடத்தினார்கள்? துருக்கி 1952-லேயே நேட்டோவில் சேர்ந்தது. ராணுவத்துக்கு அது ஐரோப்பாதான். 1963-ல் ஐரோப்பியச் சமூகத்தோடு இணைப்பு ஒப்பந்தம். 1987-ல் உறுப்பினராக விண்ணப்பம். 2005 அக்டோபரில் பேச்சுவார்த்தை. அதில் மொத்தம் 35 அத்தியாயங்கள். இதுவரை முடிந்தது ஒன்றே ஒன்று, விஞ்ஞான ஆராய்ச்சி. 2018-லிருந்து பேச்சு உறைந்து கிடக்கிறது. பெண் பார்த்து வருஷக்கணக்காகப் பதில் சொல்லாத வீட்டார் மாதிரி. ஆனால் சிரியாவிலிருந்து அகதிகள் வந்தபோது மட்டும் பதில் உடனே வந்தது. 2016 மார்ச் ஒப்பந்தத்தில், அகதிகளை அங்கேயே நிறுத்திவைக்கப் பணம் தருவதாக ஐரோப்பா சொன்னது. ஒரு கட்டத்தில் 36 லட்சம் சிரியர்களைத் துருக்கி வைத்துக்கொண்டிருந்தது. பாலம் என்று புகழப்பட்ட நாடு, தேவைப்பட்டபோது மதில் ஆயிற்று.

நாமும் சளைத்தவர்கள் அல்ல. 2023 பிப்ரவரி 6-ம் தேதி தென்கிழக்குத் துருக்கியில் பூகம்பம். அந்த நாட்டில் மட்டும் 53,000-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தியா மீட்புக் குழுவையும் ராணுவ ஆஸ்பத்திரியையும் அனுப்பியது. அந்தப் பணிக்கு 'ஆபரேஷன் தோஸ்த்' என்று பெயர். தோஸ்த் என்றால் இந்தியிலும் துருக்கியிலும் நண்பன், யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. 2025 மேயில் இந்தியா - பாகிஸ்தான் மோதல் வந்தபோது துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்றது. இந்தியர்கள் பலர் துருக்கிப் பயணத்தை ரத்து செய்தார்கள். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது, அரசுகளின் கணக்கு அரசுகளுக்கு. ஆனால் ஒரு நாட்டை ஒரே சொல்லில் அடக்கிவிடும் பழக்கத்தில்தான் துருக்கியர்கள் நூறு வருடமாக அடிபட்டிருக்கிறார்கள். அதை நாமும் செய்ய வேண்டியதில்லை.

துருக்கியைப் பார்த்து 'ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்' என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நான் பார்த்தவரை அந்த மக்கள் இரண்டு காலையும் ஒரே தரையில் ஊன்றித்தான் நிற்கிறார்கள். அட்டாடுர்க் படமும் குர்ஆன் வாசகமும் ஒரே கூடத்தில் தொங்குவதில் தெய்ஸேவுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. தாத்தாவை மௌனமாக்கியதும் பாட்டிக்கு வாய் கொடுத்ததும் ஒரே சட்டம் என்பதை அவர் சண்டை போடாமல் ஏற்றுக்கொண்டிருந்தார். தேர்ந்தெடு, தேர்ந்தெடு என்று நச்சரிப்பதெல்லாம் மேடையில் இருப்பவர்கள். அந்த நச்சரிப்பு நமக்கும் புதிதல்ல. எந்த மொழி, எந்த உடை, எந்த உணவு உண்மையான இந்தியனுடையது என்று கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லும்போது யாரோ ஒருவர் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா படிக்க முடியாமல் போகிறது.

இஸ்தான்புல்காரர்கள் அன்றாடப் பேச்சில் ஆசியா என்றோ ஐரோப்பா என்றோ சொல்வது அபூர்வம். 'கார்ஷி' என்கிறார்கள். எதிரே, அக்கரை என்று அர்த்தம். ஆசியாவில் நிற்பவருக்கு ஐரோப்பா கார்ஷி. ஐரோப்பாவில் நிற்பவருக்கு ஆசியா கார்ஷி. மாலையில் வேலை முடிந்து படகுத்துறைக்கு ஓடும் ஒருவரை நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், அக்கரைக்கு என்பார். காலையிலும் அதையேதான் சொல்லியிருப்பார்.